கிரியேட்டினினை மட்டும் நம்ப வேண்டாம்

"கிரியேட்டினின் நார்மல் என்றால் கிட்னி நலம்" என்று கிட்னி பற்றிய ஒரு கட்டுரையில் ஒரு வரி வருகிறது. கிரியேட்டினின் என்பது கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு. பரம்பரையாக வரும் பாலிசிஸ்டிக் கிட்னி நோய்க்கு அது பொருந்தாது. நீர்க்கட்டிகள் பெருகி கிட்னி பல மடங்கு வீங்கிய பிறகும், மிச்சமிருக்கும் நல்ல திசு கூடுதலாக உழைத்து அந்த எண்ணைப் பல வருஷம் சரியாகவே காட்டும். பெரும்பாலும் முதலில் எகிறுவது பிரஷர்தான். எங்கள் பெரியப்பாவுக்கு 35 வயதிலேயே பிரஷர் மாத்திரை. பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டே போனார், ஊரே தொப்பை என்று கிண்டல் செய்தது. ஸ்கேனில் பார்த்தால் இரண்டு பக்கமும் எண்ண முடியாத கட்டிகள், ஈரலிலும் சில.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. மூத்தவனுக்கு வந்துவிட்டது, இளையவன் தப்பித்தான் என்ற கணக்கெல்லாம் செல்லாது. கிட்னி தர முன்வரும் அண்ணன் தம்பிகளை முதலில் அலசிப் பார்ப்பது அதனால்தான். நோய் இல்லை என்று சொல்ல இருபது வயதில் ஸ்கேன் சுத்தமாக வந்தால் மட்டும் போதாது, அதுவும் பிகேடி2 என்ற மரபணுவின் கோளாறால் வந்து மெதுவாகப் போகும் வகை என்றால். டோல்வாப்டான் மாத்திரை நோயின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. ஈரல் டெஸ்ட் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்த மாத்திரையால் சிறுநீர் அதிகம் போவதால் ராத்திரி பாத்ரூமுக்கு நடந்தே தூக்கம் போய்விடும். இந்த நோய் உள்ளவர்கள் இடுப்பு வலிக்கு மெடிக்கலில் தானாகக் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை முதலில் விடுங்கள், அது கிட்னியைக் கெடுக்கலாம்.