குடிக்காத மனுஷனுக்கு ஈரல் எப்படிப் போகும்?

என் பெரிய மாமா கல்லீரல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பள்ளிக்கூட வாத்தியார். கல்யாண வீட்டில் கலர் சோடா கொடுத்தாலே வேண்டாம் என்று மோர் கேட்கிற ஆள். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "வெளியில தெரியாம குடிச்சிருப்பாரு" என்றார். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. உள்ளே இருந்த அத்தைக்கு அது கேட்டுவிட்டது.

குடியும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஈரல் கெட்டாலே குடி என்று தீர்ப்பு எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு பால்மர் பீஸ்லி ஞாபகம்தான் வரும். அமெரிக்கத் தொற்றுநோயியல் ஆராய்ச்சியாளர், வேலை செய்தது தைவானில். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக புளும்பெர்க் என்ற விஞ்ஞானிக்கு 1976-ல் நோபல் பரிசு கிடைத்தபோது, பீஸ்லி குழு அங்கே அரசு ஊழியர்களின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தது.

ஏன் அரசு ஊழியர்கள்? எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அவர்கள் எல்லோருக்கும் அரசு இன்சூரன்ஸ் உண்டு. யார் செத்தாலும் பணம் கேட்டு மனு வரும், என்ன நோய் என்று காகிதம் வரும். ஆயிரக்கணக்கான பேரை வருஷக்கணக்கில் தேடி அலைய வேண்டாம்.

மொத்தம் 22,707 ஆண்கள். அதில் 3,454 பேர் ரத்தத்தில் வைரஸ் இருந்தது. 1981-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. கல்லீரல் புற்றுநோயில் இறந்தவர்கள் 41 பேர். அதில் 40 பேர் அந்த 3,454-க்குள்! வைரஸ் இல்லாதவர்களைவிட அபாயம் 223 மடங்கு. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் சொல்வது இருபது மடங்கு பக்கம். புற்று வந்த பிறகுதான் வைரஸ் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று வாதாடவும் வழியில்லை, ரத்தம் எடுத்தது முதலில், நோய் வந்தது பிறகு.

சரி, வைரஸ் எங்கிருந்து வந்தது? பல பேருக்குப் பிரசவ நேரத்தில், அம்மாவிடமிருந்து. பீஸ்லி குழு இதையும் தைவானிலேயே துருவிப் பார்த்தது. பிறந்த உடனே தடுப்பு மருந்து கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் தப்பிக்கிறார்கள் என்று தெரிந்தது. 1984-ல் தைவான் அரசு தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. பத்தே வருஷத்தில், ஆறிலிருந்து பதினாலு வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்று லட்சத்துக்கு 0.70-லிருந்து 0.36 ஆக இறங்கியது. புற்றுநோய்க்கு ஊசி இல்லையே என்று புலம்புகிறோம். நம் ஆஸ்பத்திரிகளில் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடச் சொல்கிறார்களே, அதுதான் இது.

கீழாநெல்லி இருக்கே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1988-ல் சென்னையில் தியாகராஜன் குழு, புளும்பெர்கும் சேர்ந்து, அதைச் சோதித்து லான்செட்டில் எழுதியது. 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்ததாம். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை.

மாமாவுக்கு ஹெபடைடிஸ் பி என்று டாக்டர் சொன்னதும் எங்கள் வீட்டில் நடந்த முதல் காரியம், அவர் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்தது. எச்சில் தம்ளரில் பரவும் நோய் இல்லை இது. செய்ய வேண்டியது கூடப் பிறந்தவர்களுக்கு ரத்தப் பரிசோதனை. அதைச் செய்ய எங்களுக்கு அப்புறம் ரெண்டு வருஷம் ஆனது. சின்ன மாமாவுக்கும் இருந்தது. இப்போது தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன், நன்றாக இருக்கிறார்.

அந்த ரிப்போர்ட் வந்த அன்று அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். "அப்ப அவருக்கும் பொறந்ததுலேருந்தே இருந்திருக்குமா?" என்றார். அநேகமாக அப்படித்தான் என்றேன். எதுவும் பேசாமல் எழுந்து போய், அந்தத் திண்ணைக்காரருக்குப் போன் போட்டார்.