ஆலிவர் கௌட்ரியின் இரண்டு சாட்சிகள்

2017-இல் மார்மன் சபை (1830-இல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய கிறிஸ்தவப் பிரிவு) ஒரு பழைய தாள்கட்டை 3.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அந்தச் சபையின் வேதமான மார்மன் புத்தகத்தை முதன்முதலாக அச்சுக்குக் கொடுக்க 1829-30-இல் எடுத்த கைப்படி அது. பெரும்பகுதி ஒரே ஆளின் கையெழுத்து. அந்த ஆளை இதே சபை 1838-இல் வெளியே தள்ளியது. வெளியே போன பிறகும், வக்கீலாக ஊர் மாறி ஊர் மாறிப் பிழைத்த காலத்திலும், அவர் அந்தக் கட்டைக் கைவிடவில்லை. சாகும்வரை அது அவரிடம்தான் இருந்தது.

ஆலிவர் கௌட்ரி. சில மாதங்களாக இந்த மனிதரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் மார்மன் இல்லை. ஒரு தேவதூதன் காட்டிய தங்கத் தகடுகளிலிருந்து அந்தப் புத்தகத்தை மொழிபெயர்த்ததாக ஜோசப் சொன்னார். அந்தத் தகடுகளையும் தேவதூதனையும் நான் நம்பவில்லை. ஆனால் கௌட்ரியைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு பக்கமும் அவரைப் பாதிப் பாதியாக வெட்டி எடுத்துக்கொள்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1806-இல் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க்கின் பால்மைரா பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கினார். அது ஜோசப் ஸ்மித்தின் பெற்றோர் வீடு. மகன் கண்டெடுத்த தகடுகளைப் பற்றி அங்கே விவரமாகக் கேட்டறிந்தார். பள்ளி முடிந்ததும் பென்சில்வேனியாவின் ஹார்மனிக்குக் கிளம்பிப் போய், 1829 ஏப்ரல் 5 அன்று ஜோசப்பை முதல்முறை பார்த்தார். ஏப்ரல் 7-இல் எழுத உட்கார்ந்தார். ஒருவருக்கு 23 வயது, மற்றவருக்கு 22. ஜோசப் ஒரு கல்லைத் தொப்பிக்குள் போட்டு, முகத்தை அதில் புதைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, இவர் எழுதினார். ஜூன் முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அச்சில் ஏறக்குறைய 590 பக்கம் வந்த புத்தகம்! நடுவில் தானும் மொழிபெயர்க்க ஆசைப்பட்டு முயன்றார், முடியவில்லை. நீ யோசிக்காமல் கேட்டால் மட்டும் போதும் என்று நினைத்துவிட்டாய் என்று ஜோசப் வழியாக ஒரு வெளிப்படுத்தல் (கடவுளின் வாக்காக அவர் சொன்ன செய்தி) வந்தது. இவர் மீண்டும் பேனாவை எடுத்துக்கொண்டார்.

அந்த ஜூன் மாதமே டேவிட் விட்மர், மார்ட்டின் ஹாரிஸ் இருவரோடும் சேர்ந்து, தேவதூதன் தகடுகளைக் காட்டியதைக் கண்டோம் என்ற சாட்சியத்தில் இவர் பெயரும் இடம்பெற்றது. தமிழ்ப் பதிப்பு உட்பட, எந்த மொழி மார்மன் புத்தகத்தைத் திறந்தாலும் முன்பக்கங்களில் அந்த மூன்று பெயர்கள் இருக்கும். 1830 ஏப்ரல் 6 அன்று சபை அமைந்தபோது ஜோசப் முதல் மூப்பர், கௌட்ரி இரண்டாம் மூப்பர்.

சபை அமைந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை, முதல் உரசல் வந்துவிட்டது. ஞானஸ்நானம் பெறத் தகுதியானவர் யார் என்று சொல்லும் ஒரு வெளிப்படுத்தலில் ஒரு வரி தவறு என்று இவருக்குப் பட்டது. அந்தச் சொற்களை அழித்துவிடு, நமக்குள்ளே குருமார் ஆதிக்கம் வரக்கூடாது, கடவுளின் பெயரால் உனக்குக் கட்டளையிடுகிறேன் என்று ஜோசப்புக்கே கடிதம் எழுதினார். தேவனுடைய வார்த்தையை மாற்று என்று எனக்குக் கட்டளையிட உனக்கு என்ன அதிகாரம் என்று ஜோசப் திருப்பிக் கேட்டார். பேசிப் பேசி இவரைச் சம்மதிக்க வைத்தார்கள். அந்தச் செப்டம்பரிலேயே இன்னொரு வெளிப்படுத்தல்: இந்தச் சபையில் கட்டளைகளைப் பெற ஜோசப்பைத் தவிர வேறு யாரும் நியமிக்கப்படவில்லை. கௌட்ரியின் வாழ்க்கையில் என்னை நிறுத்திவைத்த இடம் இதுதான். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவன், இது சரியில்லை என்று எழுந்து சொல்கிறான். சொன்னவன் விசுவாசத்தில் குறைந்தவன் இல்லை. அவ்வளவு விசுவாசம் இருந்ததால்தான் அந்த ஒரு வரி அவனை உறுத்தியது.

அடுத்த சில ஆண்டுகள் ஏறுமுகம். பயணங்கள், பத்திரிகை, அச்சகம், டேவிட் விட்மரின் தங்கை எலிசபெத்தோடு கல்யாணம். 1834 டிசம்பரில் சபையின் உதவித் தலைவர் ஆனார். 1836 ஏப்ரலில் ஒஹையோவின் கர்ட்லாண்ட் ஆலயத்தில் ஜோசப்போடு சேர்ந்து கிறிஸ்துவைத் தரிசித்ததாகப் பதிவு இருக்கிறது. அதற்கு அடுத்த ஆண்டு சபைத் தலைவர்கள் தொடங்கிய வங்கி கவிழ்ந்தது, நம்பிக் காசு போட்டவர்கள் நொந்துபோனார்கள், கர்ட்லாண்ட் இரண்டாகப் பிளந்தது.

அதற்குள் இன்னொரு விஷயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஜோசப் வீட்டில் வேலை செய்த ஃபேனி ஆல்ஜர் என்ற இளம்பெண். அவளுக்கும் ஜோசப்புக்கும் இருந்த உறவைப் பற்றி 1838 ஜனவரி 21 அன்று தன் அண்ணன் வாரனுக்கு எழுதிய கடிதத்தில், அழுக்கான, அருவருப்பான, அசிங்கமான விவகாரம் என்றே எழுதினார். அந்த விஷயத்தில் நான் உண்மையை விட்டு விலகியதே இல்லை என்றும் அதே கடிதத்தில் சொன்னார்.

மூன்று மாதத்துக்குள், ஏப்ரல் 12 அன்று, மிசௌரியின் ஃபார் வெஸ்ட் என்ற ஊரில் ஆயர் எட்வர்ட் பார்ட்ரிட்ஜ் தலைமையில் விசாரணை. ஒன்பது குற்றச்சாட்டுகள். கௌட்ரி நேரில் வரவில்லை, கடிதம் அனுப்பினார். சபை சொன்னதற்கு மாறாக ஜாக்சன் கவுண்டி நிலத்தை விற்றார் என்பது ஒரு குற்றச்சாட்டு. என் உயிர், என் சுதந்திரம், என் சொத்து மூன்றும் என்னுடையவை, உலகக் காரியங்களில் எந்தச் சபை அதிகாரமும் என்னை ஆள விடமாட்டேன் என்று அந்தக் கடிதத்தில் பதில் எழுதினார். படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சபைக்கு வெளியே வாழ்க்கையே இல்லாத ஒரு மிசௌரி எல்லைப்புற ஊரில், 31 வயது மனிதர், தானே கட்டிய சபையைப் பார்த்து இதை எழுதுகிறார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நிலம் விற்றதையும், சபையின் உலகக் காரிய அதிகாரத்தை மறுத்ததையும் அந்த விசாரணை மன்றம் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இரண்டையும் தள்ளிவிட்டார்கள். நிலைநின்றவை வேறு. வீண் வழக்குகள் போட்டார், கூட்டங்களுக்கு வரவில்லை, காசுக்காக வக்கீல் தொழிலுக்குப் போனார், கள்ள நாணயத் தொழிலோடு தொடர்பு என்றெல்லாம் பட்டியல். கடைசிக் குற்றத்துக்காக எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டித்ததில்லை. அந்தப் பட்டியலில் இதுவும் இருந்தது: ஜோசப் விபசாரம் செய்தார் என்று மறைமுகமாகப் பேசி அவர் நற்பெயரைக் கெடுக்க முயன்றார்.

அடுத்த நாள் டேவிட் விட்மரையும் விலக்கினார்கள். மார்ட்டின் ஹாரிஸ் அதற்கு முன்பே போயாயிற்று. முன்பக்கத்துச் சாட்சிகள் மூவரும் வெளியே. ஜூனில் சபைத் தலைவர்களில் ஒருவரான சிட்னி ரிக்டன் இவர்களைக் குறிவைத்து ஒரு பிரசங்கம் செய்தார். வசனம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: சாரமற்றுப்போன உப்பு வெளியே கொட்டப்படுவதற்கும் மனுஷரால் மிதிக்கப்படுவதற்குமே ஒழிய வேறொன்றுக்கும் உதவாது. பிறகு 80-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மிரட்டல் கடிதம் போனது. கௌட்ரி குடும்பத்தோடு ஊரை விட்டு ஓடினார். மலைப்பிரசங்கத்தை இப்படிப் பயன்படுத்தியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

1841-இல் அவருடைய இடத்தை ஜோசப்பின் அண்ணன் ஹைரமுக்குக் கொடுத்தபோது, வெளிப்படுத்தலில் இவரைக் குறித்த சொல் "என் ஊழியனாயிருந்த" ஆலிவர். மூன்றாண்டு கழித்து, 1844 ஜூன் 27 அன்று, கார்த்தேஜ் சிறையில் ஜோசப்போடு ஹைரமும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கௌட்ரி அப்போது ஒஹையோவின் டிஃபின் ஊரில் வக்கீல். மார்மன் என்ற பெயர் அங்கே ஒரு வக்கீலுக்கு நல்லதல்ல. பின்னர் விஸ்கான்சினில் 1848-இல் மாநில சட்டமன்றத்துக்கு நின்று தோற்றார். தகடுகளைப் பார்த்தேன் என்றது சின்ன வயதுப் பைத்தியம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிச் சுமை இறங்கியிருக்கும். சொல்லவில்லை. ஜோசப் மேல் அவருக்கு இருந்த கோபத்துக்கு அதைவிட நல்ல பழிவாங்கலும் இருந்திருக்க முடியாது. பத்து வருடம் அவர் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை.

1846 மார்ச்சில் சகோதரி கணவர் ஃபினியஸ் யங்குக்கு எழுதியது இது: என் காலத்துக்குப் பிறகு என் சாட்சியை நம்புகிறவர்கள், அதைச் சொன்னவனுடைய சொந்த ஒழுக்கத்தை நினைத்து வெட்கப்படும்படி இருக்கக்கூடாது என்பதுதான் என் பெரிய ஆசை.

1848 அக்டோபரில் அயோவாவின் கேன்ஸ்வில்லுக்கு வந்து, கூடியிருந்த மார்மன்கள் முன்னால், சில பக்கங்கள் தவிர மார்மன் புத்தகம் முழுவதையும் என் பேனாவாலேயே எழுதினேன் என்றார். சபைக்குள் வர வாசல் எது என்று எனக்குத் தெரியும், அந்த வாசல் வழியாகச் சாதாரண உறுப்பினராக வருகிறேன், பதவி தேடி வரவில்லை என்று கேட்டுக்கொண்டார். நவம்பர் 12 அன்று சபைத் தலைவர்களில் ஒருவரான ஆர்சன் ஹைட் அவருக்கு மீண்டும் ஞானஸ்நானம் கொடுத்தார். 1838-இல் ஹைட்டும் சபைக்கு எதிராக வாக்குமூலம் கொடுத்து விலகி, பிறகு திரும்பி வந்தவர்தான். அந்தச் சபையின் தலைவர்கள் அப்போது பல மனைவியரோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள், 1852-இல்தான் வெளியே அறிவித்தார்கள். ஃபேனி விவகாரத்தைக் கண்டித்தவர் அங்கே போய்ச் சேர்ந்தது எனக்கு வருத்தம்தான். மறைக்க மாட்டேன்.

சாட்சிகளில் ஒருவரும் கடைசிவரை மறுக்கவில்லை பாருங்கள் என்று மார்மன் நண்பர்கள் சொல்லும்போது நான் கேட்பது ஒன்றுதான். பகையிலும் வறுமையிலும் பொய் சொல்லாதவர் என்றால், 1838 ஜனவரியில் அவர் எழுதியதையும் அதே எடையோடு ஏற்பீர்களா? 2014-இல் சபையே தன் கட்டுரையில், கிடைக்கும் ஆதாரங்களின்படி ஜோசப் ஃபேனியை மணந்ததாகத் தெரிகிறது என்று எழுதிவிட்டது. 176 வருடம் கழித்து! திருமணம் என்ற சொல் அவர்களுடையது. கௌட்ரி அதைத் திருமணம் என்று பார்க்கவில்லை. அந்தக் கடிதத்தை மட்டும் தூக்கிக் காட்டும் என் போன்ற நம்பாதவர்களிடமும் எனக்குக் கேள்வி உண்டு. அதை எழுதிய கைதான் சாட்சிக்கும் பொறுப்பேற்றது. ஒன்றை உண்மை என்று வைத்துக்கொண்டு மற்றதை மோசடி என்று தூக்கிப் போடுவது எளிது, அது நேர்மையாகாது. எனக்கு அந்தத் தகடுகளுக்கு விளக்கம் கிடையாது. கௌட்ரி கண்டதாக நம்பியதைச் சொன்னார் என்பது மட்டும் எனக்கு உறுதி.

சபையின் பெரும்பகுதி குடியேறியிருந்த யூட்டாவுக்குப் போக கௌட்ரி நினைத்திருந்தார். மனைவியின் உறவினரைப் பார்க்க மிசௌரியின் ரிச்மண்டுக்கு வந்த இடத்தில் நெஞ்சு நோய் முற்றியது. 1850 மார்ச் 3 அன்று, 43 வயதில், டேவிட் விட்மர் வீட்டில் இறந்தார். அந்தக் கைப்படியை விட்மரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். விட்மர் அந்தச் சபைக்குத் திரும்பவே இல்லை. தாள்களை மட்டும் பத்திரமாகக் காத்தார்.

அண்ணனுக்கு எழுதிய அந்தக் கடிதத்தின் நகல் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது. 3.5 கோடி டாலர் தாள்கட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.