செலவு கூடினால் அது வளர்ச்சியா?

அந்த இணையக் கருத்தரங்கின் துண்டு வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். இரண்டு நாளாக ஆளாளுக்கு அனுப்பி, "கேள்வி கேட்டது நீங்கதானே?" என்று கேட்கிறீர்கள். ஆமாம், நான்தான். உலகக் கட்டுமானத் துறையின் வளர்ச்சி என்று ஒரு ஏறுமுகமான கோட்டைத் திரையில் போட்டார்கள். "இதில் பராமரிப்பு எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். "சைட்டில் இருப்பவர்களுக்கு முழுப் படமும் தெரியாது, அடுத்த கேள்விக்குப் போவோம்" என்றார் நெறியாளர். இணைப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இருபத்திரண்டு வருடம் கட்டுமான சைட்டில் நின்றவனுக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

சரி, என்னை விடுங்கள். கேள்விக்கு வருவோம்.

அந்தக் கோடு அளப்பது செலவை. ஒரு வருடத்தில் கட்டுமானத்துக்குக் கொட்டிய பணம் எவ்வளவு என்பதை. கட்டியது எத்தனை வருடம் நிற்கும், குறித்த நாளில் முடிந்ததா, யாருக்குப் பயன்பட்டது என்பதெல்லாம் அதில் இல்லை. ஒரு திட்டம் இழுத்துக்கொண்டே போனால், இடித்துத் திரும்பக் கட்டினால், அந்தச் செலவும் துறையின் அளவில்தான் சேரும். கோடு இன்னும் கொஞ்சம் மேலே போகும். இதைத்தான் வளர்ச்சி என்று கைதட்டுகிறோம்.

கலிபோர்னியாவின் அதிவேக ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2008ல் மக்கள் வாக்களித்து ஒப்புதல் கொடுத்தபோது மதிப்பீடு சுமார் 3,300 கோடி டாலர். இப்போது 10,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பயணிகள் ஏறிப் போக ஒரு ரயில்கூட இன்னும் ஓடவில்லை. லண்டனின் எலிசபெத் ரயில் பாதை 2018 டிசம்பரில் திறக்க வேண்டியது, 2022 மே மாதம்தான் திறந்தது. அருமையான பாதை, மறுக்கவில்லை. ஆனால் தாமதமான அந்த மூன்றரை வருடச் செலவும் "சந்தை அளவு" என்றுதான் எங்கோ பதிவாகியிருக்கும்.

இவை விதிவிலக்கு என்று சொல்லாதீர்கள். பெண்ட் ஃப்ளூபியர் என்ற டேனிஷ் ஆய்வாளர் பல துறைகளைச் சேர்ந்த 16,000க்கும் மேற்பட்ட திட்டங்களைத் தொகுத்துப் பார்த்தார். சொன்ன செலவுக்குள், சொன்ன காலத்துக்குள் முடிந்தவை 8.5 சதவீதம்தான். நூற்றுக்கு ஒன்பதுகூட இல்லை.

"விலையேற்றத்தைக் கழித்து, நிலையான விலையில்தானே கணக்குப் போடுகிறார்கள்" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் எழுதியிருந்தார். நல்ல ஆட்சேபம். விலையேற்றத்தைக் கழிக்கலாம். தப்பாகப் போட்ட காங்கிரீட்டை உடைத்துத் திரும்பப் போட்ட செலவை எப்படிக் கழிப்பீர்கள்? அதுவும் "செய்த வேலை"தானே. பில்லில் அப்படித்தான் வரும்.

2017ல் மெக்கின்சி நிறுவனமே ஒரு அறிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் கட்டுமானத் துறையின் உழைப்பு உற்பத்தித்திறன், அதாவது ஒரு மணி நேர உழைப்பில் கிடைக்கும் பலன், ஆண்டுக்குச் சராசரி 1 சதவீதம்தான் கூடியது. மொத்த உலகப் பொருளாதாரத்தில் அது 2.8 சதவீதம். பணம் ஓடுகிறது, திறன் நடக்கக்கூடத் திணறுகிறது. இதைச் சொன்னது ஆலோசனை நிறுவனம், சைட்டில் நிற்கும் என் போன்ற ஆள் இல்லை. அப்படியாவது கேட்பீர்களா?

கோட்டை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவே சாட்சி. 2008ல் பெய்ஜிங்கையும் தியான்ஜினையும் இணைத்துத் தொடங்கி, பதினாறு வருடத்துக்குள் 45,000 கிலோமீட்டருக்கு மேல் அதிவேகப் பாதை போட்டார்கள். அந்த உழைப்பைப் பார்த்து நான் வியந்துதான் போகிறேன். அதே நாட்டில், வீடு கட்டிக்கொண்டே போவதுதான் வளர்ச்சி என்று நம்பிய எவர்கிராண்ட் நிறுவனம் 2021ல் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்கச் சொன்னது. முன்பணம் கட்டிய குடும்பங்கள் பாதியில் நின்ற கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. 2014ல் சுமார் 250 கோடி டன் சிமெண்ட் தயாரித்த நாடு, 2024ல் 180 கோடி டன் பக்கம் இறங்கிவிட்டது. ஏறும்போது அந்த டன்களை எல்லாம் வளர்ச்சி என்றுதானே எழுதினார்கள்?

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் அன்றைக்கு மைக்கைக் கேட்டேன்.

சில வருடம் முன்னால் ஒரு பழைய பாலத்தில் பேரிங் மாற்றும் வேலை. தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே இருக்கும் ரப்பர் மெத்தை அது, உள்ளே இரும்புத் தகடுகள் அடுக்கியிருக்கும். வெயிலில் பாலம் நீளும், குளிரில் சுருங்கும். அந்த அசைவைத் தாங்குவது அந்த மெத்தைதான். நாங்கள் போனபோது பல மெத்தைகள் பக்கவாட்டில் பிதுங்கி, ரப்பர் வெடித்து, உள்ளே துருப்பிடித்த தகடு தெரிந்தது. அதன் மேல் தினமும் ஆயிரக்கணக்கான வண்டிகள்.

இரவில்தான் வேலை. தூண் தலையில் ஜாக்குகளை வரிசையாக வைத்து, எல்லாவற்றையும் ஒரே சீராக ஏற்றி, மொத்தத் தளத்தையும் எட்டு மில்லிமீட்டர் தூக்க வேண்டும். ஒரு பக்கம் கூட ஏறினால் தளத்தில் விரிசல் விழும். ஒவ்வொரு ஜாக்குக்கும் பக்கத்தில் எவ்வளவு ஏறியது என்று காட்டும் டயல் கேஜ், அதற்கு ஒரு ஆள், ஆளுக்கொரு டார்ச். அளவை உரக்கப் படிப்பார்கள், நான் எழுதுவேன். எங்கள் மேஸ்திரி என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் சார் என்பார். ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். சின்னச் சுத்தியலால் தளத்தின் அடிப்பகுதியைத் தட்டினார். "சார், சத்தத்தைக் கேளுங்க." வெற்றுப் பானையைத் தட்டியது போல் இருந்தது. உள்ளே காங்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்திருந்தது. எந்த ஆய்வு அறிக்கையிலும் அது இல்லை. அன்றைக்கு அவர் காது இல்லாவிட்டால், அந்த இடத்தில் ஜாக் வைத்துத் தூக்கியிருப்போம்.

விடியற்காலை நான்கு மணிக்குத் தளத்தைப் புது மெத்தைகளின் மேல் இறக்கினோம். யாரும் ரிப்பன் வெட்டவில்லை. அந்த வேலையின் மொத்தத் தொகை, பக்கத்தில் திட்டமிட்டிருந்த புதுப் பாலத்தின் செலவில் ஒரு துளி. கருத்தரங்கில் காட்டிய கோட்டில் அது ஒரு முடி அகலம்கூட வராது. ஆனால் ஒரு பாலத்துக்கு இன்னும் பல வருட ஆயுள் கிடைத்தது. வளர்ச்சி எது, நீங்களே சொல்லுங்கள்.

"நீ வளர்ச்சிக்கு எதிரி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புதுப் பாலம் வந்தால் எனக்கும்தான் வேலை. குடிநீர்க் குழாயே போகாத இடங்கள், மழைக்காலத்தில் துண்டிக்கப்படும் ஊர்கள் உலகில் எத்தனையோ. அங்கெல்லாம் புதிதாகத்தான் கட்ட வேண்டும். இதில் எனக்கு வாதமே இல்லை. கட்டியதைக் காப்பாற்றும் பணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

"முப்பரிமாண அச்சு, ட்ரோன், செயற்கை நுண்ணறிவு எல்லாம் வந்துவிட்டது, நீ சுத்தியலைப் பற்றிப் பேசுகிறாய்" என்பது இன்னொருவர். வரட்டும். விரிசலைக் கண்டுபிடிக்கும் எந்தக் கருவியையும் வரவேற்பேன். கண்டுபிடித்த பிறகு சரிசெய்யப் பணம் யார் தருவார்? அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடு அடுக்குமாடியில் 2018லேயே ஒரு பொறியாளர் நீச்சல்குளத் தளத்தின் பழுதை எழுதிக் கொடுத்துவிட்டார். 2021 ஜூனில் கட்டடம் சரிந்தது, 98 பேர் போனார்கள். கருவி இல்லாமலா போனது அங்கே? ஜெர்மனியின் டிரெஸ்டனில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி 2024 செப்டம்பரில் நள்ளிரவு தாண்டி ஆற்றில் விழுந்தது. உள்ளிருந்த இழுவிசைக் கம்பிகள் அரித்து அறுந்திருந்தன. மற்ற இரண்டு பகுதிகளைப் புதுப்பித்தாகிவிட்டது, இதை அடுத்த வருடத்துக்கு வைத்திருந்தார்கள். கடைசி டிராம் போய்ச் சில நிமிடம்தான் ஆகியிருந்தது.

அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கம் 2025ல் தங்கள் நாட்டின் உள்கட்டமைப்புக்குக் கொடுத்த மதிப்பெண் 'சி', அதாவது நடுத்தரம். 1998ல் மதிப்பெண் போடத் தொடங்கியதிலிருந்து அதுதான் மிக உயர்ந்தது! உலகின் மிகப் பணக்கார நாட்டின் நிலை இது.

"உனக்கு டெண்டர் கிடைக்கவில்லை, அதான் பொருமுகிறாய்" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். என்னைத் தெரிந்தவர்களுக்கு இதற்குப் பதில் தேவையில்லை. அந்த வரியை மூன்று தடவை படித்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

உண்மையில் எனக்கு வலித்தது பணக்கணக்கு இல்லை. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் பால்டிமோரில் சரக்குக் கப்பல் மோதிப் பாலம் விழுந்தது நினைவிருக்கிறதா? கப்பல் மின்சாரம் இழந்தது, தூண் தாங்கவில்லை, அது வேறு பேச்சு. அந்த நேரத்தில் பாலத்தின் மேல் இருந்தவர்கள் யார்? ஊர் தூங்கும்போது சாலைக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்தவர்கள். ஆறு பேர் இறந்தார்கள். வண்டிகளை நிறுத்தினார்கள், அவர்களை இறக்க நேரம் போதவில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு எங்கள் மேஸ்திரியின் டார்ச் வெளிச்சம்தான் கண்ணுக்குள் வந்தது. "சைட்டில் இருப்பவர்களுக்கு முழுப் படமும் தெரியாது" என்று சொன்னவர், இவர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் சொன்னார்.

மேஸ்திரி அண்ணன் போன வருடம் வேலையை விட்டுவிட்டார், முழங்கால் முடியவில்லை. அவர் பையன் இந்தத் தொழிலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். தட்டிப் பார்த்துச் சொல்லும் அந்தக் காதை இனி யாரிடம் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கருத்தரங்கை நடத்தியவர்களில் இரண்டு பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். இதைப் படிப்பீர்கள். உங்களைத் திட்டவில்லை. அந்தக் கோட்டைப் பிரித்துப் போடுங்கள்: புதுக் கட்டுமானம் எவ்வளவு, பராமரிப்பு எவ்வளவு, தாமதத்தாலும் மறுவேலையாலும் கூடிய செலவு எவ்வளவு. மூன்று நிறம் போதும். கீழே கருத்தில் படமாகப் போட்டுவிடுங்கள், காத்திருக்கிறேன்.