நிகோடின் இல்லாத வேப்புக்கும் தடை உண்டு
நிகோடின் கலக்காத, மாம்பழம், புதினா போன்ற சுவை மட்டும் உள்ள வேப்பை, அதாவது ஆவியை உள்ளிழுக்கும் மின்கருவியை, இந்தியாவில் விற்கலாம் என்று ஒரு பதிவில் சொல்லப்பட்டிருக்கிறது. மன்னிக்கவும், அது சரியல்ல. 2019-ல் வந்த மின்-சிகரெட் தடைச் சட்டம், ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்கும் ஆவியாக மாற்றும் மின்கருவி எல்லாவற்றையும் மின்-சிகரெட் என்றே சொல்கிறது. நிகோடினும் சுவையும் இருக்கிறதா இல்லையா என்பது கணக்கே இல்லை. மின்-ஹூக்காவும் இதில் சேர்த்திதான். முதல் முறை விற்றுப் பிடிபட்டாலே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாராவது அந்தப் பதிவை நம்பிக் கடையில் வாங்கி வைத்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். 'இந்தியா கோட்' என்ற அரசு இணையதளத்தில் 2019-ன் 42-வது சட்டத்தைத் தேடிப் பாருங்கள். மின்-சிகரெட் என்றால் என்ன என்ற விளக்கம் 3-வது பிரிவில் இருக்கிறது, விற்பனைத் தடை அடுத்த பிரிவிலேயே வருகிறது.