அடுத்தடுத்த நாள்களில் ஓடுவது குறித்து

சனிக்கிழமை 10 கிலோமீட்டரும் ஞாயிற்றுக்கிழமை அரை மராத்தானும் (சுமார் 21 கிலோமீட்டர்) ஓடுவோர் முதல் நாள் வேகத்தைக் குறைத்தாலே போதும் என்று, அடுத்தடுத்த நாள்களில் ஓடுவது பற்றிய கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பது பாதி உண்மைதான். கிருஷ்ணகிரி அணைச் சாலையில் பயிற்சி எடுத்து, அப்படி இரு நாள்களும் ஓடிய எனக்கு, வேகத்தைவிடப் பாதையின் இறக்கமே அதிகத் தொல்லை கொடுத்தது. இறக்கத்தில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டியிருப்பதால் அதன் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அந்த வலி உடனே தெரியாமல், பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் அடைகிறது. ஞாயிறு காலை மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்க முடிந்தது. ஏறுவதில் சிரமமே இல்லை என்பது வேடிக்கை.

தசைகளில் கிளைகோஜன் (ஓடும்போது எரிபொருளாகும், சேமித்துவைக்கப்பட்ட மாவுச்சத்து) மீண்டும் நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் ஆகும் என்பதால், முதல் ஓட்டம் முடிந்த ஓரிரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்துள்ள உணவை உண்ண வேண்டும். சோறும் வாழைப்பழமும் போதும். கேழ்வரகுக் களியில் நார்ச்சத்து மிகுதி என்பதால், விடியற்காலையில் ஓட வேண்டியவர்கள் முந்தைய இரவு அதைத் தவிர்ப்பது நல்லது என்பேன் (எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்).

வலி மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டாம் நாள் ஓடுவதைப் பற்றிக் கட்டுரை எதுவும் சொல்லாதது பெரிய குறை. உடலில் நீர் வற்றியிருக்கும்போது இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.