இலங்கை மலையகத்து அட்டனிலிருந்து இரண்டே மணித்தியாலத்தில் திருச்சியா?

"கட்டுநாயக்க–திருச்சி பறப்பு அரை மணிநேரம்தான், காலை 8க்கு அட்டனில் கிளம்பினால் 10க்குத் திருச்சி" என்று வட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் பிழை.

வான்தூரம் சுமார் 420 கி.மீ. அதை மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்திருக்கிறார்கள். விமானம் என்ன, எழும்பியவுடனே முழு வேகம் பிடிக்குமா? ஓடுபாதைக்கு நகர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்தால் சுமார் ஒரு மணித்தியாலம்.

பெரிய பிழை தரையில். கினிகத்தேனை, கித்துல்கல வளைவுகள் வழியே கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 4 மணித்தியாலம். மழைக்காலத்தில் மண்சரிந்தால் அதுவும் நிச்சயமில்லை. பறப்புக்கு 3 மணித்தியாலம் முன்பே அங்கு நிற்க வேண்டும். வழித் தாமதத்துக்கு ஒரு மணித்தியாலமும் சேர்த்து, பிற்பகல் 2 மணி விமானத்துக்கு அதிகாலை 6க்கே கிளம்புங்கள்.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் கடிகாரத்தில் "அரை மணி நேர வித்தியாசம்" என்பதும் 2006 ஏப்ரலோடு போன கதை. இரு நாட்டிலும் இப்போது ஒரே நேரம்.