சொல்தான் ஐயா விஷயம்

இலங்கையில் 2009இல் முடிந்த யுத்தத்தைப் பற்றிப் பேசிய நேற்றைய கூட்டத்துக் காணொளியைப் பாதிப் பேர் பகிர்ந்துவிட்டீர்கள், அதனால் முழுக்கதையும் எழுதவில்லை. "அது மனிதாபிமான நடவடிக்கை இல்லை, யுத்தம்" என்று அந்த அக்கா எழும்பிச் சொன்னபோது, மேடையில் இருந்த பெரியவர் "சொல்லில் என்ன இருக்கு பிள்ளை, விஷயத்துக்கு வாங்கோ" என்றார். மைக்கையும் வாங்கிவிட்டார்கள். இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை.

சொல்தான் ஐயா விஷயம்.

2006 ஜூலையில், கிழக்கில் புலிகள் மூடிய மாவிலாறு மதகைத் திறப்பதற்கென்று அரசாங்கம் தொடங்கிய சண்டை, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. இந்த மூன்று வருடத்தைப் பற்றிப் பாதுகாப்பு அமைச்சு 2011இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே 'மனிதாபிமான நடவடிக்கை'தான். யுத்தம் என்றால் எத்தனை சனம் செத்தது என்று கேட்கலாம். மனிதாபிமான நடவடிக்கை, அதாவது சனத்தை மீட்பது என்றால் யார் கேட்பது? மீட்டவருக்கு நன்றி அல்லவா சொல்லவேண்டும்! தெரிந்துதான் அந்தச் சொல்லை எடுத்தார்கள்.

2009 ஜனவரியில், சனம் ஒதுங்குவதற்கென்று ஓர் இடத்தை அரசாங்கம் 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவித்தது. அந்தச் சொல்லை நம்பித்தான் எங்கள் சனம் தறப்பாளையும் சட்டிபானையையும் தூக்கிக்கொண்டு சுதந்திரபுரம் பக்கம் போனது. அங்கேயும் ஷெல் விழுந்தது. அடுத்தடுத்து அறிவித்த மூன்று வலயங்களிலும் அரசாங்கம் பெருமளவில் ஷெல் அடித்தது என்ற குற்றச்சாட்டு நம்பத்தகுந்தது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றும் சொன்னது. இப்போது சொல்லுங்கள், சொல்லில் ஒன்றும் இல்லையா?

என் மாமாவும் அந்த வலயத்துக்குள்தான் செத்தார். சில வருடம் கழித்து மரணச் சான்றிதழுக்காக மாமியோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். காரணம் என்ற இடத்தில் 'ஷெல் பட்டு' என்று நானே நீலப் பேனாவால் எழுதியிருந்தேன். உத்தியோகத்தர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, அடிமட்டம் வைத்து அதை வெட்டினார். "இப்படி எழுதினால் மேலே போகாது, அசம்பாவிதம் என்று போடுங்கோ" என்றார். மாமி கேட்டார்: "என்ன அசம்பாவிதம் தம்பி? அவர் மரத்தால விழுந்தவரோ?" அவரிடம் பதில் இல்லை. அவரை நான் குறை சொல்லவில்லை, அவரும் சம்பளக்காரர். கடைசியில் மாமி கையெழுத்து வைத்தார். பிள்ளைகளின் அலுவல்களுக்கு அந்தக் கடதாசி வேண்டும், வேறென்ன செய்வது?

உடனே சிலர் வருவீர்கள், தெரியும். "புலிகள் சனத்தைத் தடுத்து வைக்கவில்லையா, ஓடியவர்களைச் சுடவில்லையா?" சுட்டார்கள். அதே ஐ.நா. அறிக்கையில் அதுவும் இருக்கிறது, நான் மறைக்கவில்லை. பிள்ளைகளைப் பிடித்துப் படையில் சேர்த்ததைப் புலிகள் ஆட்சேர்ப்பு என்றதும் இதே வேலைதான். ஆனால் அதைச் சொன்னவுடன் மாமாவின் சாவு அசம்பாவிதம் ஆகிவிடுமா?

"எல்லா அரசாங்கமும் இப்படித்தான் பேசும்" என்பார் இன்னொருவர். சரி. 1995இல் சந்திரிகா அரசாங்கம் 'சமாதானத்துக்கான யுத்தம்' என்றது. அதிலாவது யுத்தம் என்ற சொல் இருந்தது. அந்த வருடம் இராணுவத்தின் 'முன்னேறிப் பாய்தல்' நடவடிக்கை நடந்தபோதுதான் யாழ்ப்பாணத்து நவாலி தேவாலயத்தில் ஒதுங்கியிருந்த சனத்தின் மேல் குண்டு போட்டார்கள். எங்கே பாய்ந்தார்கள், யார் மேல் பாய்ந்தார்கள்? 2022இல் ரஷ்யா உக்ரேன் யுத்தத்தை 'சிறப்பு இராணுவ நடவடிக்கை' என்றபோது, யுத்தத்துக்கு இப்படியும் பெயரா என்று கோபப்பட்டு எழுதியவர்களில் நேற்றைய மேடைப் பெரியவரும் ஒருவர். அப்போது சொல் முக்கியமாக இருந்தது. எங்கள் சாவு என்றால் மட்டும் விஷயத்துக்கு வரச் சொல்கிறார்.

அரசாங்கம் சொல்வதைக்கூட நான் விட்டுவிடுவேன். நாங்களே இப்போது அப்படித்தானே பேசுகிறோம்? '2009 சம்பவம்' என்று எங்கள் பிள்ளைகளே எழுதுகிறார்கள். யுத்தம் முடிந்தபிறகு முகாமில் கம்பி வேலிக்குள் மாதக்கணக்கில் கிடந்தவர்களே அதை 'நலன்புரி நிலையம்' என்கிறார்கள். மாமியும் சிலவேளை அப்படிச் சொல்வார், எனக்கு வயிறு எரியும்.

அடுத்த மாதமும் கூட்டம் இருக்கிறதாம். முதலில் அந்த அக்காவிடம் மைக்கைத் திருப்பிக் கொடுங்கள். அவர் இன்னும் பேசி முடிக்கவில்லை.